கோழிப் படம் போட்ட பேப்பர்

ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கறவளுக்கு எந்தப் பேப்பரும் முதல்ல சூடாத்தான் தெரியும், அதுக்கப்புறம்தான் எழுத்தாத் தெரியும்.

கவுன்டருக்குப் பின்னாடி உட்கார்ந்து பொழைக்கிற ஆளா நீங்க இருந்தா இதுக்கு மேல விளக்கவே வேண்டாம். மருந்துக் கடையோ, ரயில்வே டிக்கெட்டோ, ரேஷனோ, எதுவா இருந்தாலும் நம்ம பாடு ஒண்ணுதான். எதிர்ல நிக்கிறவங்க எல்லாம் எங்கயோ போற அவசரத்துல இருப்பாங்க. நாம உட்கார்ந்த எடத்துலயே எல்லா ஊருக்கும் போயிட்டு வந்துடுவோம். எனக்கு அந்த மெஷின் மூடிக்குக் கீழ பச்சை வெளிச்சம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும் பாருங்க, அது போதும். தண்ணிக்கு அடியில யாரோ டார்ச் அடிச்சுக்கிட்டு நடக்கிற மாதிரி இருக்கும். கண்ணு திறந்திருக்கும், ஆளு கடையில இருக்க மாட்டேன்.

கடை கொல்கத்தாவுல, லேக் கார்டன்ஸ் ஸ்டேஷன் பக்கத்துச் சந்துல. வீட்டுக்காரரு துறைமுகத்துல கிரேன் ஓட்டுறாரு, அவருக்கு மாத்தலானப்ப கூடவே வந்தவ. படிப்பு ஆறாங்கிளாஸ். இங்கிலீஷ் எழுத்து தனித்தனியா வந்தா எல்லாத்தையும் தெரியும், கூட்டமா வந்தா ஒருத்தரையும் அடையாளம் தெரியாது. அதனால எந்தப் பேப்பரா இருந்தாலும் படத்தைப் பார்த்துத்தான் ஞாபகம் வெச்சுக்குவேன். என்கிட்ட வர்றவங்க முக்கால்வாசி பக்கத்து ஆராய்ச்சி இன்ஸ்டிட்யூட்காரங்க. எல்லாரும் டாக்டரு, ஒருத்தருக்கும் ஊசி போடத் தெரியாது. "பௌதி, நீல வட்டம் போட்டதுல இன்னும் நாலு காப்பி"ம்பாங்க. பௌதின்னா அண்ணி. இந்தத் தெருவுக்கே நான் செல்வி பௌதி.

மீன் பையும் நம்பரும்

தேபு-தா இயற்பியல் ஆளு. தா, தாதான்னா இங்க அண்ணன். தினம் காலையில மார்க்கெட் போயிட்டு, மீன் பையோட நேரா என் கடைக்கு வருவாரு. மெஷின் மேல பையை வைக்காதீங்கன்னு நான் கத்துறதுதான் எங்களுக்கு சுப்ரபாதம். கம்ப்யூட்டர்ல அவரு பேரை அடிச்சா ஒரு பக்கம் வரும். ஓரமா ஏணிப்படி மாதிரி கட்டம் கட்டமா நிக்கும், அதுக்கு மேல ஒரு நம்பரு. அதை பிரின்ட் எடுத்துக் குடுக்கணும். போன்லயே தெரியுமேன்னு கேட்டேன். போன்ல பார்த்தா கனவு மாதிரி இருக்காம், பேப்பர்ல பார்த்தாத்தான் நிஜமாம்.

என்ன நம்பர்னா, இவரு எழுதின பேப்பரை வேற எங்கயோ ஒருத்தர், "இவரு ஏற்கனவே இப்படிச் சொல்லியிருக்காரு"ன்னு தன் பேப்பர்ல எடுத்துக் காட்டினா அது ஒரு சைட்டேஷன். பத்து பேப்பரு, ஒவ்வொண்ணையும் பத்துப் பத்து பேரு எடுத்துக் காட்டியிருந்தா அவருக்கு எச்-இன்டெக்ஸ் பத்து. பதினொண்ணு ஆகணும்னா பதினொரு பேப்பரு, ஒவ்வொண்ணையும் பதினொரு பேரு காட்டியிருக்கணும். பொண்ணு பார்க்க வந்தவங்க பாத்திரத்தை எண்ணுற மாதிரி ஒரு கணக்கை எவன் கண்டுபிடிச்சான்னு தெரியல. ஆனா பத்து நாள்ல எனக்கு மனப்பாடம். மழை நாளெல்லாம் நான் என் எச் எவ்வளவுன்னு யோசிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். நான் சொன்னதை எத்தனை பேரு எத்தனை எடத்துல எடுத்துச் சொல்லியிருப்பாங்க? மாமியார் மட்டும் ஊரெல்லாம் சொல்லியிருப்பாங்க. ஆளு ஒண்ணுதான், எச் ஒண்ணு.

ஒரு நாள் தேபு-தாவோட நம்பர்ல ஒண்ணு குறைஞ்சிருந்திச்சு. எங்கயோ யாரோ தன் பேப்பரையே திரும்ப எடுத்துக்கிட்டா இப்படி ஆகுமாம். மனுஷன் ஸ்டூல்ல உட்கார்ந்தவரு எழுந்திரிக்கல. மீன் பையில இருந்த ஐஸ் கரைஞ்சு என் செருப்பு வரைக்கும் வந்துடுச்சு. அந்த பிரின்ட்டை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு மெதுவா சொன்னாரு, "பௌதி, உலகத்துல எங்கயோ ஒருத்தன் என்னை மறந்துட்டான். யாருன்னு தெரிஞ்சா போன் போட்டுக் கேட்டுடுவேன்."

பிஜயா இனிப்பு

இங்க துர்கா பூஜை முடிஞ்சு அம்மனைக் கரைச்சதும், பிஜயான்னு வீட்டுக்கு வீடு இனிப்பு டப்பாவோட போவாங்க. நீ எங்க வீட்டுக்கு வா, நான் உங்க வீட்டுக்கு வர்றேன். சில வீட்டுல நாம குடுத்த டப்பாவே நாலு வீடு சுத்தி நமக்கே திரும்பி வரும், அதுல ஒரு சந்தேஷ் மட்டும் குறைஞ்சிருக்கும்.

தேபு-தாவை எடுத்துக் காட்டினவங்க பட்டியலை பைண்ட் பண்ணுறப்ப பார்த்தேன், இவரையும் சேர்த்து அதே அஞ்சு பேருதான் சுத்திச் சுத்தி வர்றாங்க. எனக்குப் பேரு படிக்க வராட்டியும் அந்த எழுத்து நிக்கிற வரிசை பழகிடுச்சு. இவரு பேப்பர்ல அவங்க நாலு பேரு, அவங்க பேப்பர்ல இவரு. என்ன தாதா, வருஷம் பூரா பிஜயாவான்னு கேட்டேன். வெக்கப்படுவாருன்னு பார்த்தா, பெருமையா மீசையைத் தடவிக்கிட்டாரு. "அஞ்சு பேர்ல ஒருத்தன் போயிட்டாலும் மத்த நாலு பேருக்கும் எச் ஏறாம அப்படியே நின்னுடும், பௌதி. அதனாலதான் நாங்க ஒருத்தர் உடம்பை ஒருத்தர் அவ்வளவு அக்கறையா விசாரிச்சுக்கறோம்."

ஜன்னல் டிபார்ட்மென்ட்

உமா-தி, அதாவது உமா அக்கா, அப்படி இல்ல. அவங்களுக்குக் கூட்டாளியே கிடையாது, ஒரு ரூமும் பெரிய ஜன்னலும்தான். நம்ம தமிழ்க்காரங்கதான். அவங்க தாத்தாவோட அப்பா காலத்துலயே கம்பெனி வேலைக்கு இங்க வந்த குடும்பம். வீட்டுல தமிழ், வெளியில வங்காளம், கோபம் வந்தா ரெண்டும். தமிழ்ல எழுதப் படிக்க மட்டும் அவங்களுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

பைண்டிங் குடுக்கப் போறப்ப அந்த ரூமைப் பார்த்திருக்கேன். ஜன்னல் பூரா தட்டு, தட்டு பூரா சேறு. காளிகாட்ல சாமி பொம்மை செய்யுறவங்ககிட்ட இருந்து களிமண்ணு வாங்கிட்டு வந்து, கரைச்சு ஊத்தி, காய வெச்சு, அது எப்படி விரிசல் விடுதுன்னு உட்கார்ந்து பார்க்கிறாங்க. இதுதான் வேலை. முதல்ல எனக்குச் சிரிப்பு வந்துச்சு, எங்க வீட்டு மொட்டை மாடியில சும்மாவே நடக்கிறதாச்சேன்னு. அப்புறம் நானும் ஒரு தட்டு முன்னாடி நின்னேன். ஈரமா பளபளன்னு இருந்த சேத்துல, ஒரு ஓரத்துல மயிர் மாதிரி ஒரு கோடு. அது யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி நின்னுச்சு. கொஞ்சம் நகர்ந்துச்சு. இன்னொரு கோடு வந்து சரியா அதுல போய் முட்டி நின்னுச்சு. தெரு, சந்து, சந்துக்குள்ள சந்துன்னு கண்ணு முன்னாடியே ஒரு ஊரு உண்டாச்சு. அதுல எங்க கடை எதுவா இருக்கும்னு தேடிக்கிட்டே நின்னுட்டேன்.

நீங்க இயற்பியலா, மண்ணுப் படிப்பா, எதுல சேர்த்தின்னு கேட்டேன். தட்டுல இருந்து கண்ணை எடுக்காம சொன்னாங்க, "அதைத்தான் செல்வி இன்ஸ்டிட்யூட்ல இருக்கறவாளும் வருஷக்கணக்கா கேக்கறா. எந்த டிபார்ட்மென்ட்னு கேட்டா நான் ஜன்னல்னுதான் சொல்லணும்."

யாரு யாரு வீட்டுக்கெல்லாம் போயிருக்கு

ஜூலை மாசம், மழை ஊத்துறப்ப, உமா-தி நனைஞ்சுக்கிட்டு வந்தாங்க. ப்ரொபசர் வேலைக்கு விண்ணப்பம் போடணும், அவங்க பேர்ல இருக்கிற எல்லாப் பேப்பரும், யாரு யாரு எடுத்துக் காட்டியிருக்காங்கங்கிற பட்டியலும் சேர்த்து எட்டு செட் வேணும்னாங்க. மூணு தடவைதான் விண்ணப்பம் போட விடுவாங்களாம், இது மூணாவது. கிடைச்சா இன்னும் சில வருஷம் வேலை. கிடைக்கலேன்னா வர்ற மார்ச்சோட ரிட்டயர்மென்ட், ரூமைக் காலி பண்ணிட்டுத் தட்டெல்லாம் எடுத்துக்கிட்டுப் போகணும். அந்த ரூமுக்கு இப்பவே ரெண்டு பேரு அளவெடுத்துட்டுப் போயிட்டாங்களாம்.

முன்னாடி ரெண்டு தடவை ஏன் கிடைக்கலன்னா, கமிட்டிக்காரங்க எண்ண ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, இயற்பியல் பத்திரிகையில வராத பேப்பரை எல்லாம் கோடு போட்டு அடிச்சுடுவாங்களாம். இவங்க எழுதினது பாதி மண்ணுப் பத்திரிகையில, பெயின்ட் பத்திரிகையில, விவசாயப் பத்திரிகையில. அடிச்சது போக மிச்சத்தை எண்ணினா இளைச்சுப் போயிடுது.

அந்தப் பட்டியல் மெஷின்ல இருந்து வந்துக்கிட்டே இருந்துச்சு. நான் ஒவ்வொண்ணா என்னன்னு கேட்க, அவங்க சொல்லிக்கிட்டே வந்தாங்க. இது ரத்தச் சொட்டு காய்ஞ்சா எப்படி வெடிக்குதுன்னு பார்க்கிற ஆஸ்பத்திரிக்காரங்க. இது பழைய படத்துல சாயம் உதிராமப் பார்த்துக்கறவங்க. இது பால் பவுடர், இது வத்திப் போன குளம். பிரேசில்ல ஒருத்தர், போலந்துல ஒருத்தர். எனக்கு அதுக்கப்புறம் காதுல மழைச் சத்தம் மட்டும்தான். எங்கயோ ஒரு ஊர்ல, மேஜை மேல காப்பி ஆறிப் போக, முன்னப்பின்ன பார்க்காத ஒரு ஆளு காளிகாட் களிமண்ணைப் பத்திப் படிச்சுக்கிட்டு ஜன்னலுக்கு வெளிய பார்க்கிறாரு. அங்க மழையா, பனியா? அவரு வீட்டுச் சுவத்துல எந்த மூலையில விரிசல்? நான் அங்கயே நின்னுட்டேன், பேப்பர் தட்டு காலியாகி மெஷின் பீப் பீப்னு கத்தினப்பதான் லேக் கார்டன்ஸுக்குத் திரும்பி வந்தேன். உமா-தி துப்பட்டாவைப் பிழிஞ்சுக்கிட்டே சிரிச்சாங்க. "லோகம் பூரா யாருக்காவது என்னைத் தெரியறது செல்வி, என் ரூம் இருக்கற வராந்தாவுல மட்டும் ஒருத்தருக்கும் தெரியலை."

இன்னொரு உமா

பேப்பரெல்லாம் பிரின்ட் ஆகி மேஜை மேல குவிஞ்சப்ப, நடுவுல ஒரே கோழி. கோழிக் காலு, கோழிக் கொண்டை, கோழிக்குச் சளி. என்ன உமா-தி, கோழிக்கும் வைத்தியம் பார்க்கறீங்களான்னு கேட்டேன். அவங்க எடுத்துப் புரட்டிப் பார்த்தாங்க. அதே பேரு, அதே இனிஷியலோட வேற ஊர்ல ஒரு கால்நடை டாக்டர் இருக்காங்களாம். கம்ப்யூட்டர் அவங்க பேப்பரையும் இவங்க கணக்குலயே கொண்டாந்து சேர்த்திருக்கு. ஏணிப்படி உயரமா நின்னதுக்கு அதுவும் ஒரு காரணம். கோழியை எடுத்துட்டா எச் சரசரன்னு கீழ இறங்கும்.

அந்நேரம் பார்த்து மீன் பையோட தேபு-தா. அவரு வங்காளத்துல ரகசியம் பேசினாலே ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். விட்டுடு உமா, யாரு பிரிச்சுப் பார்க்கப் போறா, மெஷினா சேர்த்தது, நீயா சேர்த்தேன்னு அரை மணி நேரம் சொன்னாரு. எனக்கும் உள்ளுக்குள்ள அந்தக் கோழிங்க இருந்துட்டுப் போகட்டும்னுதான் இருந்துச்சு. உமா-தி என் கம்ப்யூட்டர்லயே உட்கார்ந்து, அந்தம்மா பேப்பரை எல்லாம் ஒவ்வொண்ணா தன் கணக்குல இருந்து எடுத்தாங்க. கீபோர்டுல ஒவ்வொரு தட்டுக்கும் ஏணியில ஒரு படி சரிஞ்சுது. கடைசித் தட்டு தட்டிட்டு எழுந்திருச்சப்ப சொன்னாங்க, "அவ கோழி அவளுக்கு, என் மண்ணு நேக்கு. அங்க அவளும் இதே மாதிரி உட்கார்ந்து நம்பர் குறையறதேன்னு தேடிண்டிருப்பா."

நான் பண்ணின காரியம்

விண்ணப்பம் குடுக்கக் கடைசி நாள். பூஜை வேலை ஆரம்பிச்சுட்டா காளிகாட்காரங்க களிமண்ணைக் கண்ணுல காட்ட மாட்டாங்கன்னு உமா-தி அங்க ஓடுறாங்க. போறப்ப சொல்லிட்டுப் போனாங்க, கோழி போட்டதை எல்லாம் எடுத்துத் தள்ளிட்டு மிச்சத்தை எட்டு செட் போட்டு வெச்சுடு, நாலு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்னு. இதுல தப்பா ஒண்ணுமே சொல்லல பாருங்க. நானும் தப்பா ஒண்ணும் செய்யல. படம் பார்த்தேன், கோழி இருந்தா எடுத்தேன், இல்லாட்டி வெச்சேன். நாலு மணிக்கு முழங்கை வரைக்கும் களிமண்ணோட வந்தாங்க, பையில போட்டேன், ஓடினாங்க.

மூணாவது நாள், ஓரமாத் தள்ளின கோழிக் கத்தையை எடுத்து, பின்பக்கம் கிறுக்க ஆகும்னு நாலா வெட்டப் போனேன். மேல இருந்த பேப்பர்ல ஒரு கோழி தராசு மேல நிக்குது. பக்கத்துல ஒரு முட்டை, முட்டை ஓட்டுல விரிசல். அந்த விரிசலைப் பார்த்தேன். ஒரு கோடு ஓடி வந்து இன்னொரு கோட்டுல சரியா முட்டி நிக்குது. கத்தி கையிலயே நின்னுடுச்சு. தலைப்புக்குக் கீழ இருந்த இன்ஸ்டிட்யூட் பேரை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், தினம் கேட்ல நான் பார்க்கிற அதே எழுத்து. அந்த ரூம் ஜன்னல் ஒவ்வொரு தட்டா காலியாகிற மாதிரி கண்ணு முன்னாடி வந்துச்சு. ஷட்டரைப் பாதி இறக்கிட்டு இன்ஸ்டிட்யூட்டுக்கு ஓடினேன்.

அது உமா-தி சின்ன வயசுல கால்நடைக் காலேஜ்காரங்க கூட சேர்ந்து எழுதினதாம். விவசாயப் பத்திரிகையில வந்ததாம். அவங்களோட பேப்பர்லயே அதிகம் பேரு எடுத்துக் காட்டினது அதுதானாம், அதுலயும் முக்கால்வாசி இயற்பியல்காரங்கதானாம். முன்பக்கத்துப் பட்டியல்ல அது பேரு இருக்கு, உள்ள பேப்பர் இல்ல. உள்ள இல்லாத பேப்பர் கணக்குல வராதுங்கறது ரூல். நான் அழ ஆரம்பிச்சுட்டேன். அவங்க அந்தப் பேப்பரை வாங்கி, கோழி மேல விரலை வெச்சுத் தடவினாங்க. திட்டுவாங்கன்னு காத்திருந்தேன், திட்டினா நல்லா இருக்கும்னு கூட இருந்துச்சு. "இந்தக் கோழியை நான்தான் படத்துல நிக்க வெச்சேன் செல்வி. அழகா இருந்துது, அதனால வெச்சேன்."

ஷ்யாமல் பாபு

இன்ஸ்டிட்யூட் ஆபீஸுக்கு ஷ்யாமல் பாபுதான் பெரிய கிளார்க். மூக்குக் கண்ணாடி நெத்தியில இருக்கும், அதைத் தேடிக்கிட்டேதான் பேசுவாரு. உமா-தியும் நானும் போய் நின்னோம். குடுத்த விண்ணப்பத்துல ஒரு காகிதம் கூடச் சேர்க்க முடியாதுன்னுட்டாரு. நான் விடல. ஸ்பைரலைக் கழட்டி பேப்பரைச் சொருகி மாட்ட எனக்கு ஒரு செட்டுக்கு ஒரு நிமிஷம், எட்டு நிமிஷம் கண்ணை மூடிக்கோங்க பாபு, வேணும்னா கண்ணாடியை நானே எடுத்து ஒளிச்சு வெக்கறேன்னேன். உமா-தி என் கையைப் புடிச்சு இழுத்தாங்க.

அவரு கண்ணாடியை இறக்கி, ஒரு தடிமனான ரூல் புக்கை எடுத்துப் புரட்டினாரு. ஃபேன் காத்துல பக்கம் தானாப் பறக்குது, இவரு துரத்துறாரு. சாப்பாட்டு நேரம் தாண்டிப் போச்சு. கடைசியில ஒரு எடத்துல விரலை வெச்சாரு. விண்ணப்பம் போட்டவங்க விட்டதைச் சேர்க்க முடியாது. ஆனா பைண்ட் பண்ணினவங்க தப்பால விட்டுப் போயிருந்தா, அவங்களே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, அந்தக் கடுதாசியோட சேர்த்து அந்தப் பேப்பரையும் கமிட்டி முன்னாடி வெக்கலாமாம். பார்க்கறதும் பார்க்காததும் அவங்க இஷ்டம். எனக்கு இங்கிலீஷ்ல எழுத வராது பாபு, தமிழ்தான்னேன். மறுபடியும் ரூல் புக்கைப் பார்த்தாரு. "எந்த மொழியிலன்னு இதுல போடல. கைப்படன்னுதான் போட்டிருக்கு, உன் கை எதை எழுதுமோ அதை எழுது."

கடுதாசி

ஆறாங்கிளாஸுக்கு அப்புறம் நான் நீளமா எழுதினது அதுதான். அன்னிக்கு மத்தியானம் கடையில கரன்ட் இல்ல. மெஷின் சத்தம் இல்லாத கடை குளத்துக்கு அடியில இருக்கிற மாதிரி இருந்துச்சு. லோக்கல் ரயில் போனா மட்டும் டீ கிளாஸ் கொஞ்சம் நடுங்கும். நான் எழுதினேன். கடைக்காரி நான்தான், தப்பு என்னோடது. இவங்க பேப்பர்ல கோழிப் படம் இருந்துச்சு, அதனால இது இவங்களோடது இல்லன்னு எடுத்து வெச்சுட்டேன். உள்ள என்ன எழுதியிருக்குன்னு பார்க்கல. இவங்க வேலை ரத்தச் சொட்டு, பழைய படம், பால் பவுடர், வத்தின குளம்னு எல்லார் வீட்டுக்கும் போயிருக்குன்னு எனக்குத் தெரியும், நான்தான் அந்தப் பட்டியலை பிரின்ட் எடுத்தேன். தெரிஞ்சும் கோழி வீட்டுக்கு மட்டும் போயிருக்காதுன்னு நான் எப்படி முடிவு பண்ணினேன்னு இப்ப எனக்கே புரியல. படத்தை மட்டும் பார்த்த தப்புக்கு அவங்க ரூமை எடுத்துடாதீங்க.

சாயங்காலம் வீட்டுக்காரருகிட்ட படிக்கக் குடுத்தேன். கிரேன் ஓட்டுற ஆளு, எதையும் தூக்கிப் பார்த்துத்தான் எடை சொல்லுவாரு. ரெண்டு தடவை படிச்சாரு, காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாரு. "உன் தப்பை எழுதச் சொன்னா அந்தம்மா பெருமையை எழுதி வெச்சிருக்க. குடு, அப்படியே இருக்கட்டும்."

உள்ள நடந்தது

இன்டர்வியூ அன்னிக்கு நான் கடையில ஒரு காப்பி கூட நேரா எடுக்கல. ஒருத்தரோட ஆதார் கார்டுல மூஞ்சியில பாதியைக் காணோம்னு சண்டைக்கு வந்தாரு. நாலு மணிக்கு உமா-தி வந்து ஸ்டூல்ல உட்கார்ந்தாங்க. வெளிய தூறல். தேபு-தாவும் பின்னாடியே வந்து ஷட்டரைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. உமா-தி சொன்னது இதுதான்.

கமிட்டித் தலைவர் வெளியூர்ல இருந்து வந்த வயசானவராம். ஃபைல் மேல இருந்த என் கடுதாசியை எடுத்து, இது என்ன மொழி, யாராவது படிச்சுச் சொல்லுங்கன்னாராம். அங்க தமிழ் தெரிஞ்சவங்க உமா-தி மட்டும்தான். நான் இங்கிலீஷ் படிக்கிற மாதிரியே அவங்க என் தமிழை எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வரியா இங்கிலீஷ்ல சொன்னாங்களாம். கோழி வந்த எடத்துல ஒருத்தர் சிரிச்சாராம். அந்த ரத்தச் சொட்டு, பழைய படம் வரிக்கு வந்தப்ப யாரும் சிரிக்கலையாம். தன்னைப் பத்தித் தானே சத்தமாப் படிக்க வேண்டியதாப் போச்சேன்னு உமா-திக்குக் கூச்சமாம், ஆனா பாதியில நிறுத்த முடியல.

தலைவர் அந்த முட்டைப் பேப்பரை எடுத்து, அதை எடுத்துக் காட்டினவங்க பட்டியலை விரல் வெச்சு வரிசையாப் படிச்சாராம். எல்லாம் அங்க உட்கார்ந்திருந்தவங்களுக்குத் தெரிஞ்ச இயற்பியல் பேருதான். ஒரு மெம்பரோட பேரே அதுல இருந்துச்சாம், அவரு மறந்தே போயிருக்காரு. அப்புறம் தலைவர் பழைய ரெண்டு ஃபைலையும் கொண்டாரச் சொன்னாராம். ரெண்டுலயும் அந்தப் பேப்பர் பத்திரமா உள்ள இருக்கு, ரெண்டு தடவையும் விவசாயப் பத்திரிகைன்னு சிவப்புக் கோடு போட்டு அடிச்சிருக்கு. அவரு மூணு ஃபைலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டுச் சொன்னாராம், "இந்தக் கடைக்காரம்மா ஒரு தடவைதான் தூக்கிப் போட்டாங்க, எழுத்துலயும் குடுத்துட்டாங்க. நாம ரெண்டு தடவை தூக்கிப் போட்டிருக்கோம், நம்ம கடுதாசி எங்க?"

ஆர்டர் வந்த நாள்

பூஜைக்கு முன்னாடி ஆர்டர் வந்துச்சு. ரூம் அவங்களுக்குத்தான், ஜன்னலும் சேர்த்து. உமா-தி அதைக் காப்பி எடுக்க நேரா என்கிட்டதான் கொண்டாந்தாங்க. மூடியைத் திறந்து வெச்சேன், பச்சை வெளிச்சம் அது மேல மெதுவாப் போச்சு. இந்தத் தடவை நான் எங்கயும் போகல, வெளிச்சம் அந்தக் கடைசி வரைக்கும் போறதை நின்னு பார்த்தேன். ஜெராக்ஸ் பேப்பரோட சூடு ஆறுறதுக்குள்ள அவங்க, தட்டுல ஊத்தி வெச்சிருக்கேன், இப்ப விரிசல் விடற நேரம்னு கிளம்பிட்டாங்க. மண்ணுக்கு ஆர்டர் வந்தது தெரியாது பாருங்க.

தேபு-தா அப்படிப் போக மாட்டாரு. ஆர்டரை ரெண்டு பக்கமும் பார்த்தாரு, பெருமூச்சு விட்டாரு. அஞ்சு பேரு சேர்ந்து இத்தனை வருஷம் டப்பா மாத்தியும் ஒரு முட்டைக்கு வந்த மாதிரி சைட்டேஷன் தங்களுக்கு வரலையேன்னு கணக்குப் போட்டிருப்பாரு போல. மீன் பையைக் கீழ வெச்சாரு, நான் கத்தறதுக்கு முன்னாடியே தானே எடுத்து வெளிய வெச்சாரு. அப்புறம் யாரும் கேட்காத மாதிரி குனிஞ்சு, "பௌதி, உன்கிட்ட கோழிப் படம் ஏதாவது மீதி இருக்கா?"

ஆகமொத்தம், படிச்சவங்க பத்திரிகை பேரைப் பார்த்துப் பிரிக்கறாங்க, நான் படத்தைப் பார்த்துப் பிரிக்கறேன், ஒருத்தரும் படிச்சுப் பார்த்துப் பிரிக்கிறதில்லங்கிற வரைக்கும் எட்டு செட் போடுற என் பொழப்புக்கு ஒரு குறையும் வராது.